"எப்ப போறிய?" – அயலகத் தமிழர் நல வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

அயலகத் தமிழர் நல வாரியத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை ஆணையருக்கும் வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து இதை எழுதுகிறேன். நான் செவிலியர். 2004 முதல் 2023 வரை 19 ஆண்டுகள் மஸ்கட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்தேன். என் கணவர் எனக்கு மூன்று வருடம் முன்பே அங்கே போனவர். ஏசி மெக்கானிக்காகச் சேர்ந்து, கடைசியில் பராமரிப்புப் பிரிவின் மேற்பார்வையாளராக இருந்தார். 2023 மே மாதம் இரண்டு பேரும் மொத்தமாகக் கிளம்பி வந்துவிட்டோம். கல்ஃபில் ஊருக்குக் கிளம்புகிறவரிடம் ஒரு கேள்வி கேட்பார்கள்: "லீவுல போறியா, கேன்சல்ல போறியா?" விசாவையே ரத்து செய்துவிட்டுப் போவதுதான் கேன்சல். நாங்கள் கேன்சலில் வந்தவர்கள்.

இங்கே வந்தபின் கேள்வி மாறிவிட்டது. மீன் சந்தையில், கல்யாண வீட்டில், பஸ் நிறுத்தத்தில், தெரிந்தவர் யாரைப் பார்த்தாலும், "எப்ப வந்திய? எப்ப போறிய?" முதல் கேள்விக்குப் பதில் சொல்வது எளிது. இரண்டாவதற்கு "இனி போகல, இங்கதான்" என்று சொன்னால் எதிரே நிற்பவரின் முகம் மாறிவிடும். "என்ன, வேலை போச்சா?" "மேலுக்குச் சுகமில்லியா?" எங்கள் ஊர்க்காரர்களைக் குறை சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் ஐம்பது வருடமாக கல்ஃப் என்றால் போகிற இடம். லீவுக்கு வருவார்கள், பெட்டியைப் பிரிப்பார்கள், முப்பது நாற்பது நாளில் திரும்புவார்கள். வந்து இங்கேயே இருந்துவிடும் ஆணும் பெண்ணும் என்ன ஆகிறார்கள் என்று யாரும் நின்று பார்த்ததில்லை. ஊர் கேட்டால் பரவாயில்லை. அலுவலகங்களின் படிவங்களும் அதே கேள்வியைக் கேட்பதால்தான் இந்த மடல்.

முதலில் வீட்டுக்குள் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இதை அரசிடம் ஏன் சொல்ல வேண்டும் என்று நினைக்கலாம். ஆனால் மறுவாழ்வு என்பது வீட்டுக்குள் தொடங்குகிற விஷயம். அதைத் தெரிந்துகொள்ளாமல் போடும் திட்டம் கடன் உதவியோடு நின்றுபோகும்.

மஸ்கட்டில் தார்சைத் பகுதியில் குடியிருந்தோம். முதல் ஒன்பது வருடம் வீடு என்பது ஒரு அறை. அடுத்த அறையில் இன்னொரு குடும்பம், சமையலறை பொது. எனக்குப் பன்னிரண்டு மணி நேர டூட்டி. இவருக்கு எப்போது எந்தக் கட்டடத்தில் ஏசி நின்றாலும் அழைப்பு வரும், அதுவும் ஜூன், ஜூலையில் சொல்லவே வேண்டாம். நான் வரும்போது இவர் போவார். வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவோம். கணக்குப் பார்த்தால், கல்யாணம் ஆகி இருபது வருடத்தில் நாங்கள் சேர்ந்து சாப்பிட்ட சாப்பாட்டில் பெரும்பாதி வெள்ளிக்கிழமைச் சாப்பாடுதான். ஊருக்கு வந்ததும் திடீரென்று ஒரு நாளைக்கு மூன்று வேளை எதிரெதிரே உட்காருகிறோம். ஒருவரை ஒருவர் தெரியும் என்று நினைத்திருந்தோம். தெரிந்தது அரைகுறைதான். இவர் காலையில் டீயோடு செய்திகளைச் சத்தமாக வைத்துக் கேட்பவர் என்பது எனக்குப் புதுசு. நான் ஒரு மணி நேரமாவது யாரும் பேசாமல் இருக்க வேண்டும் என்று நினைப்பவள் என்பது இவருக்குப் புதுசு. முதல் ஆறு மாதம் சண்டை போட்டோம். எங்கள் இரண்டு பேருக்கும் அது பெரிய வேதனையாக இருந்தது. இத்தனை வருடம் இதற்காகத்தானே காத்திருந்தோம், வந்தபின் இப்படியா என்று.

மாமியாருக்கு இடுப்பு எலும்பு முறிந்ததும் நாங்கள் திரும்பியதற்கு ஒரு காரணம். மாதா மாதம் பணம் அனுப்பிய மருமகளை அத்தைக்குத் தெரியும். அடுக்களையில் தினமும் நிற்கிற மருமகள் அவருக்கும் புது ஆள். மாதச் சம்பளம் நின்றுபோன மகனும் அப்படித்தான். பணம் அனுப்பிக்கொண்டிருந்தவரை வீட்டின் முடிவுகள் எல்லாம் ஃபோனில் இவரிடம் கேட்டு நடந்தன. இங்கேயே வந்து உட்கார்ந்த பிறகு அந்தக் கேள்விகள் குறைந்துபோயின. ஒரு நாள் ராத்திரி இவர் சொன்னார்: "அங்க இருந்தப்ப நான் வீட்டுல இருந்தேன். இங்க வந்தப்புறம் இல்ல." அந்த வாக்கியத்தை நான் மறக்கவே மாட்டேன்.

சின்ன விஷயங்களும் உண்டு. ஓமானில் வண்டி சாலையின் வலப்பக்கம் ஓடும். ஸ்டியரிங் இடது பக்கம், இண்டிகேட்டர் இடது கையில். இங்கே வந்து கார் எடுத்த முதல் மாதம், திரும்ப நினைக்கும் ஒவ்வொரு முறையும் இவர் கை வைப்பரைத்தான் போட்டது. இருபது வருடம் விபத்தே இல்லாமல் ஓட்டிய மனிதர் குழித்துறைப் பாலத்தில் நெரிசலில் வியர்த்துப்போய் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். கை பழகிவிடும், பழகியும் விட்டது. மற்றதெல்லாம் அவ்வளவு சீக்கிரம் பழகவில்லை.

இனி அலுவலகங்களுக்கு வருகிறேன். எந்த அலுவலகம், எந்தக் கிளை, எந்த ஊழியர் என்று சொல்லப்போவதில்லை. அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் மரியாதையாகவே பேசினார்கள். அவர்கள் கையில் எங்களுக்கான விதி இல்லை, அவ்வளவுதான்.

இவருடைய இந்திய ஓட்டுநர் உரிமம் காலாவதியாகி ஒரு வருடம் தாண்டிவிட்டது. அப்படியானால் மறுபடி தேர்வு எழுதி, ஓட்டிக் காட்டித்தான் வாங்க வேண்டும் என்பது சட்டம். 2019-இல் வந்த திருத்தம் அது. 51 வயதில், பதினெட்டு வயதுப் பையன்களோடு வரிசையில் நின்று பைக்கில் எட்டு போட்டார். ஓமான் உரிமத்தைக் காட்டினார், அதைப் பார்க்கக்கூட வழி இல்லை என்றார்கள். ரேஷன் அட்டையில் எங்கள் பெயர் எப்போது எடுக்கப்பட்டது என்று கண்டுபிடிக்க நான்கு முறை அலைந்தோம். வாக்காளர் பட்டியலில் சேர்வது மட்டும் எளிதாக முடிந்தது.

மகளுடைய கதை வேறு. அவள் பத்தாம் வகுப்பு வரை மஸ்கட்டில் இந்தியப் பள்ளியில் படித்தாள். பொறியியல் கலந்தாய்வுக்குத் தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த பிள்ளைகளுக்குப் பிறப்பிடச் சான்று வேண்டாம். எங்கள் மகளுக்கு வேண்டும். நானும் இவரும் இந்த மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். எங்கள் பாட்டன் பூட்டன் பேரில் பத்திரம் இருக்கிறது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி இந்த மண் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது என் பாட்டா அதற்காக ஊர்வலம் போனவர். ஆனாலும் "தொடர்ந்து இங்க இருந்ததுக்கு ஆதாரம் கொண்டு வாங்க" என்றார்கள். தொடர்ந்து இங்கே இல்லை என்பதுதானே எங்கள் வாழ்க்கையே. பாஸ்போர்ட்டைக் காட்டினோம். அதில் இருந்த ஓமான் முத்திரைகள் எல்லாம் நாங்கள் இங்கே இல்லாததற்குத்தான் சாட்சி சொல்லின. கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பு சான்று கிடைத்தது. அந்த மூன்று வாரத்தில் அவள் கேட்டாள், "அம்மா, அப்ப நான் எந்த ஊருக்காரி?" மஸ்கட்டில் எங்களுக்கு யாரும் குடியுரிமை தரப்போவதில்லை என்று தெரிந்துதான் இருந்தோம். சொந்த ஊரிலும் ஆதாரம் தேட வேண்டியிருக்கும் என்று பிள்ளைக்கு நான் சொல்லி வைக்கவில்லை.

வங்கி விஷயம் பணம் சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். இதைப் படிக்கும் திரும்பி வந்தவர்களுக்கும் உதவட்டும். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் இங்கே வைத்துக்கொள்ளும் என்ஆர்இ வங்கிக் கணக்கை, நிரந்தரமாகத் திரும்பிவிட்டால் அப்படியே வைத்திருக்கக் கூடாது. சாதாரண உள்நாட்டுக் கணக்காக மாற்றலாம், அல்லது வெளிநாட்டு நாணயத்திலேயே வைத்துக்கொள்ள ஆர்எஃப்சி என்ற கணக்கில் போடலாம். மாற்ற வேண்டும் என்பதே எங்களுக்குத் தெரியாது. ஒரு வருடம் கழித்துத் தெரிந்து போனபோது, ஆர்எஃப்சி கணக்கை அந்தக் கிளையில் யாரும் கேள்விப்படவில்லை. அதற்குள், வரிவிலக்கு உண்டு என்று நாங்கள் நினைத்திருந்த வட்டிக்கு வரி சேர்ந்திருந்தது. இன்னொன்று. முந்தைய 10 நிதியாண்டுகளில் 9-இல் வெளிநாடு வாழ்பவராக இருந்தவருக்கு, திரும்பியதும் 'வழக்கமாக வசிக்காத உள்நாட்டவர்' என்ற இடைநிலை கிடைக்கும். அந்தக் காலத்தில் வெளிநாட்டில் ஈட்டிய வருமானத்துக்கு இங்கே பொதுவாக வரி இல்லை. எவ்வளவு பேருக்கு இது தெரியும்? எங்களுக்கு ஆடிட்டர் சொல்லித்தான் தெரிந்தது, அதுவும் பணம் கட்டியபின்.

காப்பீடு அதைவிடக் கவலை. இவருக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. விசா ரத்தான அன்றே நிறுவனம் கொடுத்திருந்த மருத்துவக் காப்பீடும் போய்விட்டது. இங்கே தனியார் பாலிசி எடுத்தோம். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் வைத்துத்தான் தந்தார்கள். அந்தக் காலம் அதிகபட்சம் நான்கு வருடமாக இருந்ததை 2024-இல் மூன்றாகக் குறைத்திருக்கிறார்கள். மூன்று வருடமும் நீண்ட காலம்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். எங்களுக்கு முதல் வருடம் சம்பளமே கிடையாது. ஆனால் வருமானச் சான்று கேட்டுப் போனால், நாங்கள் கட்டிய வீட்டைப் பார்க்கிறார்கள். அந்த வீட்டில்தான் எங்கள் 19 வருடச் சம்பளம் இருக்கிறது. சுவரை விற்று மருந்து வாங்க முடியுமா?

என்னுடைய வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓமான் தன் நாட்டுச் செவிலியர்களைப் பயிற்றுவித்து அந்த இடங்களில் அமர்த்துகிறது. அது அவர்கள் உரிமை, நான் அதில் வருத்தப்படவில்லை. என்னோடு வேலை பார்த்த ஓமானிப் பெண்களுக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. பழைய தொழிலாளர் சட்டப்படி முதல் மூன்று வருடத்துக்கு வருடம் 15 நாள் சம்பளம், அதன்பின் வருடம் ஒரு மாதச் சம்பளம் என்று கணக்குப் போட்டுப் பணிக்கொடை தந்தார்கள், ஒரு பைசா பிடிக்காமல். 2007 ஜூனில் கோனு புயல் மஸ்கட்டைப் புரட்டிப் போட்டபோது இரண்டு பகல் இரண்டு இரவு வார்டை விட்டு வெளியே வரவில்லை. வாதி என்று அங்கே சொல்லும் காட்டாற்றில் வெள்ளம் வடிந்ததும் இவர் முழங்கால் சேற்றில் நடந்து என்னைப் பார்க்க வந்தார். 2020-இல் தொடங்கி கொரோனா வார்டில் பதினோரு மாதம். இந்த அனுபவத்தோடு இங்கே ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். மாதம் 14,000 ரூபாய் என்றார்கள். "வெளிநாட்டு அனுபவம் இங்க எடுக்க மாட்டோம், ஃப்ரெஷ்ஷரா சேருங்க" என்றார்கள். உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னதன் பேரில் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் செவிலியருக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. அது பரிந்துரையாகவே கிடக்கிறது. பணம்கூட இரண்டாவது. மகள் வயதுப் பெண் என்னிடம் வந்து "ஐவி போடத் தெரியுமா ஆன்ட்டி?" என்று கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அந்தப் பெண்ணுக்கு என்னைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

இப்போது கேரளத்தில் உள்ள பாறசாலைக்கு வருகிறேன். இவரோடு அதே கம்பெனியில் இருந்த நண்பர் பாறசாலைக்காரர். அவரும் அவர் மனைவியும் எங்களுக்கு இரண்டு மாதம் பிந்தி கேன்சலில் வந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து பைக்கில் அரை மணி நேரம், நடுவில் களியக்காவிளை. எல்லையைத் தாண்டினால் கேரளம். நாங்கள் இறங்கியதும் அதே திருவனந்தபுரம் விமான நிலையம்தான். அங்கிருந்து அவர் தன் வீட்டுக்குப் போனார், நாங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தோம்.

கேரள அரசு வெளிநாடு வாழ் கேரளத்தவருக்கென 1996 டிசம்பரிலேயே நோர்க்கா என்ற தனித் துறையைத் தொடங்கியது. இரண்டு வருடமாவது வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர் தொழில் தொடங்கினால், 30 லட்சம் வரையான திட்டத்துக்கு 15 விழுக்காடு, அதிகபட்சம் 3 லட்சம் ரூபாய், மூலதன மானியம் உண்டு. முதல் நான்கு வருடம் வட்டியிலும் சலுகை. நண்பர் அப்படித்தான் ஒரு ஏசி, ஃபிரிட்ஜ் பழுது பார்க்கும் கடை போட்டிருக்கிறார். வெளிநாடு வாழ் கேரளத்தவருக்கான நலநிதி வாரியத்தில் 60 வயதுக்கு முன் சேர்ந்து குறைந்தது ஐந்து வருடம் சந்தா கட்டினால் 60-இல் ஓய்வூதியம் வரும். திரும்பி வந்தபின்னும் சேரலாம். எல்லாம் அங்கே சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. மானியத்துக்கு அவரும் அலைந்தார், வங்கி அவரையும் இழுத்தடித்தது. ஆனால் அவருக்கு ஒரு கதவு எண் தெரிந்திருந்தது. எந்த அலுவலகத்தில் தட்ட வேண்டும் என்று தெரிந்திருந்தது. அங்கே 1998 முதல் சில வருடத்துக்கு ஒருமுறை புலம்பெயர்வு ஆய்வு நடத்தி, போனவர்கள் எத்தனை, வந்தவர்கள் எத்தனை என்று எண்ணுகிறார்கள். 2018-இல் சுமார் 12 லட்சமாக இருந்த திரும்பி வந்தவர்கள் 2023-இல் சுமார் 18 லட்சம். அந்தப் 18 லட்சத்தில் எங்கள் நண்பரும் ஒருவர். தமிழ்நாட்டில் 2015-இல் அப்படி ஓர் ஆய்வு நடந்தது. சுமார் 22 லட்சம் பேர் வெளிநாட்டில் இருப்பதாகச் சொன்னது. அதன்பின் வந்தவர்களில் எங்களை யார் எண்ணினார்கள்?

உங்கள் வாரியம் வந்தபோது நாங்கள் மஸ்கட்டில் இருந்தோம். 2011-இல் சட்டம் இயற்றப்பட்டு, பத்து வருடத்துக்குப்பின் வாரியம் அமைவதாக அறிவிப்பு வந்த அன்று எங்கள் குடியிருப்பில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் அதைப் பற்றித்தான் பேசினோம். ஜனவரி 12-ஐ அயலகத் தமிழர் தினம் என்று அறிவித்தபோது உண்மையிலேயே மகிழ்ந்தோம். உறுப்பினர் அட்டை, விபத்துக் காப்பீடு, வெளிநாட்டில் இறந்தவரின் உடலைக் கொண்டுவர உதவி, இவையெல்லாம் தேவையானவை. ஒரு உடலைக் கொண்டுவர எத்தனை கையெழுத்து வேண்டும் என்று ஒரு செவிலியராக எனக்கு நன்றாகவே தெரியும். அந்த வேலையை எடுத்துச் செய்பவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். போவதற்கு 1978 முதல் இந்த மாநிலத்தில் அரசு நிறுவனமே இருக்கிறது, அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். போகிற தொழிலாளிக்கு ஒரு நாள் முன்பயணப் பயிற்சி உண்டு. மத்திய அரசின் காப்பீடு உண்டு. அங்கே இறந்துபோனால் உதவி உண்டு. உயிரோடு, சொந்தக் காலில் நடந்து, மனைவி பிள்ளையோடு திரும்பி வருகிறவனுக்குத்தான் எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை.

தமிழ்நாட்டுக்கு இது தெரியாத வேலையும் இல்லை. உங்கள் துறையின் பெயரில் மறுவாழ்வு என்ற சொல் சும்மா வரவில்லை. 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்து இலங்கை மலையகத்திலிருந்து லட்சக்கணக்கானோர் அனுப்பப்பட்டபோது, அவர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968-இல் நீலகிரியில் டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களுக்காக 1969-இல் ரெப்கோ வங்கி வந்தது. எங்கள் மாவட்டத்து அரசு ரப்பர் தோட்டங்களிலும் அப்படி வந்த குடும்பங்கள் பால்வெட்டின. அவர்கள் பட்ட கஷ்டத்தோடு எங்களை ஒப்பிட மாட்டேன். அவர்கள் பிறந்த மண்ணிலிருந்து பிடுங்கப்பட்டவர்கள், நாங்கள் விரும்பிப் போய் விரும்பி வந்தவர்கள். நான் சொல்வது இதுதான்: வந்து இறங்குகிறவர்களுக்காக ஒரு வங்கியே வந்த மாநிலம் இது. நாங்கள் வங்கி கேட்கவில்லை. ஒரு மேசை கேட்கிறோம்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில், திரும்பி வந்தவர்களுக்கென ஒரே ஒரு மேசை. இப்போதும் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். ஆனால் ஒரு மனு ஒரு துறைக்குத்தான் போகும். கேன்சலில் வந்தவனுக்கு ஒரே மாதத்தில் ஏழு துறையில் வேலை இருக்கிறது. பாஸ்போர்ட்டில் உள்ள குடியேற்ற முத்திரையையும் விசா ரத்துத் தாளையும் காட்டினால், 'வெளிநாட்டில் வேலை பார்த்து இன்ன தேதியில் நிரந்தரமாகத் திரும்பியவர்' என்று அந்த மேசை ஒரு சான்று தரட்டும். ரேஷனுக்கும், பிள்ளைகளின் பிறப்பிடச் சான்றுக்கும், வருமானச் சான்றுக்கும் அந்த ஒரு தாள் செல்ல வேண்டும். போகும் முன் பயிற்சி இருப்பதுபோல் வரும் முன்பும் வேண்டும். அதை மஸ்கட்டிலும் துபாயிலும் குவைத்திலும் உள்ளவர்கள் ஃபோனிலேயே பார்க்கும்படி செய்யலாம். வங்கிக் கணக்கு, வரி, காப்பீட்டை விசா ரத்தாகும் முன்பே எடுத்துவிடுவது, பிள்ளையை எந்த வகுப்பில் ஊருக்கு மாற்றினால் நல்லது, இதையெல்லாம் ஒருவர் உட்கார்ந்து சொன்னால் போதும்.

ஓய்வூதியமும் கேட்கிறோம், சந்தா கட்டத் தயாராக இருந்துகொண்டு கேட்கிறோம். மத்திய அரசு 2012-இல் மகாத்மா காந்தி பிரவாசி சுரக்ஷா யோஜனா என்று, திரும்பி வந்து குடியமர்வதற்கான சேமிப்பும் ஓய்வூதியமும் சேர்த்து ஒரு திட்டம் கொண்டுவந்தது. சேர்ந்தவர்கள் மிகக் குறைவு என்று 2017-இல் நிறுத்திவிட்டார்கள். மஸ்கட்டில் எங்களைச் சுற்றி இருந்தவர்களில் ஒருவருக்குக்கூட அது தெரியாது. தெரியாத திட்டத்தில் எப்படிச் சேர்வது? நம் வாரியம் அப்படி ஒரு திட்டம் தொடங்கினால் தயவுசெய்து மஸ்கட்டில் ரூவி கடைத்தெருவுக்கு வெள்ளிக்கிழமை மாலை வந்து சொல்லுங்கள். அந்தத் தெருவில் அந்த நேரத்தில் தமிழ் பேசுகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை.

செவிலியர்களுக்காகத் தனியாக ஒரு வார்த்தை. என்னைப்போல் பதினைந்து இருபது வருட அனுபவத்தோடு திரும்பிய பெண்கள் எங்கள் வட்டாரத்திலேயே பலர் வீட்டில் இருக்கிறார்கள். வென்டிலேட்டர் பார்த்தவர்கள், டயாலிசிஸ் பார்த்தவர்கள். வெளிநாட்டு அனுபவத்தில் பாதியையாவது கணக்கில் எடுக்க வேண்டும் என்று ஓர் ஆணை, செவிலியர் கல்லூரிகளில் செய்முறைப் பயிற்சி தர எங்களை அழைக்க ஒரு வழி. இது கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றலாம். எங்களை ஒரு நாள் வார்டில் நிற்க வைத்துப் பாருங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள்.

நாங்கள் இப்போது எப்படி இருக்கிறோம் என்றும் சொல்லிவிடுகிறேன். நான் பக்கத்தில் ஒரு முதியோர் பராமரிப்பு நிலையத்தில் பகல் டூட்டி பார்க்கிறேன். இவர் இரண்டு உள்ளூர்ப் பையன்களுக்கு ஏசி வேலை கற்றுக்கொடுத்து, அவர்களோடு சேர்ந்து வேலைக்குப் போகிறார். அந்தப் பாறசாலை நண்பர் தன் கடைக்கு வரும் இந்தப் பக்கத்து வேலைகளை இவருக்குத் தள்ளிவிடுகிறார். காலையில் செய்தியின் சத்தம் குறைந்திருக்கிறது. நானும் கொஞ்சம் பேசப் பழகிவிட்டேன். அத்தை இப்போது நடைவண்டி பிடித்து முற்றம் வரை வருகிறார். மரச்சீனி அவித்தால் மூன்று பேரும் சேர்ந்துதான் சாப்பிடுகிறோம்.

இவர் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். எந்த வேலைக்கு எந்த அலுவலகம், என்னென்ன காகிதம், எத்தனை முறை போனோம், எது இல்லாமல் திருப்பி அனுப்பினார்கள் என்று வந்த நாள் முதல் எழுதியது. முதலில் கோபத்தில் எழுதினார். இப்போது கேன்சலில் வருகிறவர்கள் அந்த நோட்டைத் தேடி எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். போன வருடம் பதினோரு பேர் வந்தார்கள். அதில் நான்கு பேர் கணவன் மனைவியாக வந்தார்கள். காகித விஷயம் முடிந்ததும் ஆண்கள் திண்ணையில் இருப்பார்கள், பெண் மட்டும் என்னோடு அடுக்களைக்கு வந்து, "அக்கா, உங்களுக்கும் வந்த புதுசுல இப்படித்தான் இருந்துச்சா?" என்று கேட்பாள். இருந்தது என்று சொல்வேன். எவ்வளவு நாள் என்றும் சொல்வேன்.

நாகர்கோவிலில் அந்த மேசையைப் போடுங்கள். இரண்டு நாற்காலி இருந்தால் வெள்ளிக்கிழமைதோறும் நாங்கள் இருவரும் வந்து உட்காருகிறோம், சம்பளம் வேண்டாம். அந்த நாளில் வேறு வேலை வைத்துக்கொள்ள எங்கள் உடம்பு இன்னும் பழகவில்லை. நோட்டையும் கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
மஸ்கட்டிலிருந்து திரும்பி வந்த ஒரு தம்பதி,
மார்த்தாண்டம் வட்டாரம், கன்னியாகுமரி மாவட்டம்.